திருகாணியும் பசையும்

நுழையும்முன்

ஒரு கருவியைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்வது ஓர் அறிவு. அதன் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்வது மற்றோர் அறிவு. புதிய மடிக்கணினியைப் பிரித்து அதன் உறுப்புகளை ஆராய்வோர், அது எவ்வாறு இயங்குகிறது என்பதை மட்டும் காண்பதில்லை. அது பழுதுபட்டால் சீர்செய்ய இயலுமா என்பதையும் காண்கின்றனர். கணினியின் உறுப்புகளை அறிமுகப்படுத்துவதோடு, அவற்றை இணைக்கும் முறையில் பயனரின் உரிமையும் சுற்றுச்சூழலின் நலனும் அடங்கியிருப்பதை இப்பாடம் விளக்குகிறது.

புதிய மடிக்கணினியை வாங்குவோர் அதன் திரையைத் திறந்து, இயக்கிப் பார்த்து மகிழ்வர். வேறு சிலரோ அதைக் கவிழ்த்து வைத்து, அடிப்புறத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்குவர். பழுதான கருவியைப் பிரிப்பது உலக வழக்கு. நன்றாக இயங்கும் புதிய கருவியைப் பிரிப்பதன் பயன் என்ன?

விற்பனைப் பெட்டியின்மீது அச்சிடப்பட்டுள்ள குறிப்புகள், செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் கொள்ளளவையும் திரையின் அளவையும் தெரிவிக்கும். ஆனால், அந்த நினைவகத்தைப் பின்னாளில் கூட்டிக்கொள்ள முடியுமா, வலுவிழந்த மின்கலத்தைக் கழற்றி வேறொன்றைப் பொருத்த முடியுமா, விசிறியில் படிந்த தூசியைத் துடைக்க வழி உண்டா என்பனவற்றைப் பெரும்பாலும் தெரிவிப்பதில்லை. இவ்வினாக்களுக்கான விடைகள் அடிமூடியின் உள்ளேதான் உள்ளன. அவற்றை வெளிக்கொணரும் முயற்சியே பிரித்தாய்வு ஆகும்.

பிரித்தாய்வின் தொடக்கம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்னும் நகரம் உள்ளது. அங்குள்ள பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கைல் வீன்ஸ், லூக் சூல்ஸ் என்னும் மாணவர்கள், பழுதடைந்த ஐபுக் மடிக்கணினி ஒன்றைச் சீர்செய்ய முயன்றனர். அதற்குரிய பழுதுநீக்கக் கையேடு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கையேட்டின் துணையின்றித் தாங்களே அதைப் பிரித்தறிந்தனர். தாங்கள் அடைந்த அறிவு பிறருக்கும் பயன்பட வேண்டும் எனக் கருதி, பழுதுநீக்கும் வழிமுறைகளைப் படங்களுடன் எழுதி எவரும் படிக்குமாறு வெளியிட்டனர். 2003ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய ஐஃபிக்ஸிட் என்னும் நிறுவனம், புதிய கருவிகள் விற்பனைக்கு வந்தவுடன் அவற்றைப் பிரித்து ஆராய்வதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. ஒரு கருவியைச் சீர்செய்வது எந்த அளவுக்கு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என மதிப்பிட்டு வெளியிடும் வழக்கத்தையும் அது மேற்கொண்டது.

கருவியைத் திறக்குமுன்

பிரித்தாய்வு பொறுமையை வேண்டும் பணியாகும். முதலில் கணினியை முழுவதுமாக அணைத்து, மின்னேற்றியின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பின்னர்க் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகையை விலக்க வேண்டும். அதுவே நிலைமின்சாரம். உலர்ந்த காற்றில் நடப்பதனாலும் செயற்கை இழை ஆடை உராய்வதனாலும் மனித உடலில் நிலைமின்னேற்றம் சேர்கிறது. அது ஏறத்தாழ 3000 வோல்ட்டை எட்டும்போதுதான் விரல்நுனியில் சுரீரென உணரப்படுகிறது. ஆனால், நுண்சில்லுகள் சிலவற்றைப் பழுதாக்க 100 வோல்ட்டே போதுமானது. நாம் உணராத மின்னோட்டமே உறுப்பை அழித்துவிடக்கூடும் என்பதால், பழுதுநீக்குவோர் மணிக்கட்டில் நிலமின் இணைப்புப் பட்டையை அணிகின்றனர். உடலில் சேரும் மின்னேற்றத்தை அப்பட்டை மெதுவாக நிலத்திற்குக் கடத்திவிடுகிறது.

அடுத்தது திருப்புளி. மடிக்கணினியின் திருகாணிகள் மிகச் சிறியவை. அவற்றின் தலைப்பகுதி கூட்டல்குறி வடிவிலோ, ஆறுமுனை விண்மீன் வடிவிலோ, ஐந்து இதழ்கொண்ட பூவின் வடிவிலோ அமைந்திருக்கும். பொருந்தாத திருப்புளியைக் கொண்டு திருகினால் தலை தேய்ந்து, அத்திருகாணி நிலையாகச் சிக்கிக்கொள்ளும். சில திருகாணிகள் அடிப்புறத்து ரப்பர்க் கால்களின் கீழே மறைந்திருப்பதும் உண்டு.

கழற்றிய திருகாணிகளின் நீளம் ஒன்றுபோல் இராது. குட்டையான திருகாணி இருந்த துளையில் நீளமானதைச் செலுத்தினால், அது உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையைத் துளைத்துவிடலாம். ஆதலால் அனுபவம் உடையோர், கணினியின் அடிப்புற வடிவத்தை ஒரு தாளில் வரைந்து, எந்த இடத்துத் திருகாணியோ அந்த இடத்திலேயே அதை ஒட்டி வைப்பர். பிரிக்கும் வழி நினைவில் இருந்தால்தான் மீண்டும் பூட்டும் வழி புலப்படும். மூடியின் விளிம்பைப் பிரிக்க இரும்புக் கத்தியைப் பயன்படுத்தாமல், மெல்லிய நெகிழித் தகட்டைச் செருகிச் சிறிது சிறிதாக நெம்புவர்.

மின்கலம்

அடிமூடி அகன்றதும் கண்ணில் படுவது, முன்பகுதியில் அகலமாகப் பரந்திருக்கும் கறுப்புநிற மின்கலம். பல மடிக்கணினிகளில் உள்ளிருக்கும் இடத்தில் பெரும்பங்கை இதுவே எடுத்துக்கொள்கிறது. பிற உறுப்புகளைத் தொடுவதற்கு முன் இதன் இணைப்பியைத் தாய்ப்பலகையிலிருந்து விடுவிக்க வேண்டும். கணினி அணைக்கப்பட்டிருந்தாலும் மின்கலத்திலிருந்து பலகைக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் என்பதே இதற்குக் காரணம்.

இன்றைய மடிக்கணினிகளில் பயன்படுவது லித்தியம் அயனி மின்கலம். இவ்வகை மின்கலம் 1991ஆம் ஆண்டில் முதன்முதலாக வணிக அளவில் விற்பனைக்கு வந்தது. இதன் உருவாக்கத்திற்கு அடிகோலிய ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மின்கலம் என்றும் ஒரே ஆற்றலுடன் இருப்பதன்று. மின்னேற்றமும் மின்னிறக்கமும் நிகழுந்தோறும் அதன் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறைகிறது. சில நூறு முதல் ஆயிரம் சுழற்சிகளுக்குப் பின் அது வலுவிழந்துபோகும். கணினியின் பிற உறுப்புகள் நல்ல நிலையில் இருக்கும்போதே முதலில் மூப்படைவது மின்கலம்தான். எனவே, மின்கலம் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது என்பதே கணினியின் ஆயுளைத் தீர்மானிக்கும் முதல் வினாவாகிறது. திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தால் அதைச் சில நிமிடங்களில் மாற்றலாம். வலிய பசையால் ஒட்டப்பட்டிருந்தால் நெம்பி எடுக்க வேண்டியிருக்கும். அவ்வாறு நெம்பும்போது மின்கலம் வளைந்தாலோ துளைபட்டாலோ தீப்பற்றும் இடர் உண்டு. உப்பிப் பெருத்த மின்கலத்தைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே கையாள வேண்டும்.

நினைவகமும் சேமிப்பகமும்

அடுத்துக் காணத்தக்கது நினைவகம். இயங்கும்போது தேவைப்படும் தரவுகளை இது தற்காலிகமாகத் தாங்கி நிற்கும். மின்சாரம் நின்றவுடன் அனைத்தையும் மறந்துவிடும். செருகுவாய் உள்ள கணினிகளில் இது ஏறத்தாழ 68 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு பலகையாகக் காணப்படும். அதன் விளிம்பில் பொன்முலாம் பூசிய தொடுபுள்ளிகள் வரிசையாக மின்னும். இருபுறத்துப் பற்றிகளையும் விரலால் விலக்கினால் பலகை தானே சாய்ந்தெழும். அதை எடுத்துவிட்டு, கூடுதல் கொள்ளளவு உடைய வேறொன்றைச் செருகலாம். விளிம்பில் உள்ள ஒரு சிறு வெட்டு, பலகையைத் தலைகீழாகவோ பொருந்தாத வகையைச் சார்ந்ததையோ செருகாதவாறு தடுக்கிறது.

நிலையான தரவுகள் திண்மநிலைச் சேமிப்பகத்தில் உறைகின்றன. பழைய கணினிகளில் சுழலும் தட்டுகளைக் கொண்ட வன்வட்டு இப்பணியைச் செய்தது. இன்றோ 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட மெல்லிய பலகை அதைச் செய்கிறது. பெரும்பாலும் ஒரே ஒரு திருகாணி இதைப் பிணைத்திருக்கும். கணினியின் பிற பகுதிகள் முற்றிலும் பழுதானாலும், இப்பலகையைக் கழற்ற முடிந்தால் அதிலுள்ள தரவுகளை மீட்க வாய்ப்புண்டு. தாய்ப்பலகையோடு நிலையாக இணைக்கப்பட்டிருந்தால், பலகையின் இறப்பு பெரும்பாலும் தரவுகளின் இறப்பாகவும் முடியும்.

வெப்பத்தை வெளியேற்றும் வழி

விசிறியின் அருகே செம்புநிறத்தில் வளைந்து செல்லும் தட்டையான குழாய் ஒன்று காணப்படும். அது வெப்பக்குழாய் எனப்படும். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் என்னும் அறிஞர் இதனை உருவாக்கிக் காட்டினார். பார்வைக்குத் திண்ணிய கம்பி போலத் தோன்றினும் இக்குழாயின் உட்பகுதி வெற்றிடமாக்கப்பட்டுச் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். செயலியைத் தொடும் முனையில் அந்நீர் வெப்பத்தை ஏற்று ஆவியாகிறது. மறுமுனையில் உள்ள மெல்லிய உலோக இதழ்களின்மீது விசிறி காற்றைச் செலுத்துவதால் ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம், விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல் அந்நீரை ஈர்த்து முதல் முனைக்கே கொண்டுசேர்க்கிறது. இச்சுழற்சிக்குத் தனியாக மின்சாரம் தேவையில்லை.

உலோக இதழ்களுக்கிடையே தூசி அடைத்துக்கொண்டால் இவ்வழி தடைபடும். செயலியின் வெப்பநிலை உயரும். பல செயலிகள் 100 பாகை செல்சியசு அளவை எல்லையாகக் கொண்டவை. அந்த எல்லையை நெருங்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கணினி பழையதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும் எனப் பயனர் கருதும் நிலைகளுள் சில, தூரிகையால் தூசியைத் துடைத்து, செயலிக்கும் வெப்பக்குழாய்க்கும் இடையே உலர்ந்துபோன வெப்பக் களிம்பைப் புதிதாகத் தடவுவதனாலேயே தீர்ந்துவிடக்கூடியவை.

தாய்ப்பலகை

வெப்பக்குழாயை அகற்றியதும் அதன் கீழே தாய்ப்பலகையும் அதன்மேல் கண்ணாடிபோல் பளபளக்கும் செயலியும் புலப்படும். 1971ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2020ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் மடிக்கணினிகளுக்காக வெளியிட்ட எம்1 என்னும் செயலியில் அவற்றின் எண்ணிக்கை 1600 கோடி. மனித அறிவின் இப்பெருவளர்ச்சி, விரல்நகத்தை ஒத்த பரப்பில் அடங்கிக் கிடக்கிறது.

செயலியைச் சுற்றி மின்தேக்கிகளும் மின்தடைகளும் எள்ளினும் சிறியனவாகச் செறிந்திருக்கும். நாடாபோன்ற மெல்லிய கம்பிகள் விசைப்பலகையையும் தொடுபலகையையும் தாய்ப்பலகையோடு இணைக்கும். கம்பியில்லா இணைப்புக்கான அட்டையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் புறப்பட்டு, பல கணினிகளில் கீல்களின் வழியாகத் திரையின் விளிம்பு வரை செல்லும். அங்கேதான் அலைவாங்கிகள் மறைந்துள்ளன. உலோக உடல் அலைகளைத் தடுக்கும் என்பதால், அலைவாங்கி இருக்கும் இடத்தில் நெகிழியையோ கண்ணாடியையோ அமைப்பர்.

தெரிந்து தெளிவோம்

மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளை இணைக்கும் உலோகக் கலவை பற்றாசு எனப்படும். பொற்கொல்லர் அணிகலன்களின் பகுதிகளை ஒட்டவைக்கப் பயன்படுத்தும் பற்றாசே இச்சொல்லின் மூலம். தமிழ் யாப்பிலக்கணத்திலும் இச்சொல் இடம்பெறுகிறது. முதற்குறட்பாவையும் தனிச்சொல்லையும் ஓரிரு அசைகள் இடையே நின்று இணைக்கும் வெண்பாவை ஆசிடை நேரிசை வெண்பா என்பர். உலோகங்களைப் பற்றாசு இணைப்பதுபோல் அசைகள் ஓசையை இணைப்பதால் அப்பெயர் அமைந்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். ஈயத்தின் நச்சுத்தன்மை கருதி 2006ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் பயன்பாட்டைப் பெருமளவு கட்டுப்படுத்தியதால், ஈயமற்ற பற்றாசு பரவலாயிற்று.

இணைப்பின் அரசியல்

பிரித்தாய்வு காட்டும் உறுப்புகள் பெரும்பாலான மடிக்கணினிகளுக்குப் பொதுவானவை. வேறுபடுவது அவற்றை இணைக்கும் முறையே. ஒரே உறுப்பைத் திருகாணியாலும் பொருத்தலாம்; பசையாலும் ஒட்டலாம்; செருகுவாயிலும் செருகலாம்; பற்றாசு வைத்து நிலையாகவும் பதிக்கலாம். இத்தேர்வுகள் வடிவமைப்பாளரின் மேசையில் முடிவாகின்றன. அவற்றின் விளைவைச் சில ஆண்டுகளுக்குப் பின் பயனர் ஏற்கிறார்.

2012ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆப்பிள் நிறுவனம் ரெட்டினா திரையுடன் கூடிய மேக்புக் புரோ மடிக்கணினியை வெளியிட்டது. 18 மில்லிமீட்டர் தடிப்பே கொண்ட அக்கணினி, திரையின் தெளிவாலும் மெலிந்த உருவத்தாலும் உலகின் பாராட்டைப் பெற்றது. ஐஃபிக்ஸிட் அதைப் பிரித்தாராய்ந்தது. அடிமூடியை ஐந்து இதழ் வடிவத் தனிவகைத் திருகாணிகள் காத்திருந்தன. நினைவகம் தாய்ப்பலகையில் பற்றாசு வைத்துப் பதிக்கப்பட்டிருந்தது. மின்கலம் உடற்பகுதியோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஆய்வின் முடிவில் அக்கணினிக்குப் பத்துக்கு ஒன்று என்னும் மதிப்பெண்ணே கிடைத்தது.

அதே கோடையில் மற்றொரு நிகழ்வும் நேர்ந்தது. சுற்றுச்சூழலுக்கு உகந்த மின்னணுப் பொருள்களைப் பதிவு செய்யும் எபீட் என்னும் அமைப்பு அமெரிக்காவில் உள்ளது. பொதுவான கருவிகளைக் கொண்டு எளிதில் பிரிக்கத்தக்கவையாகப் பொருள்கள் இருக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்புகளுள் ஒன்று. ஆப்பிள் தன் 39 பொருள்களை அப்பதிவிலிருந்து விலக்கிக்கொண்டது. அதனால் இனி அந்நிறுவனத்தின் கணினிகளை வாங்க இயலாது எனச் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே, ஆப்பிள் தன் முடிவு தவறானது என ஏற்றுக்கொண்டு சூலைத் திங்களிலேயே பதிவுக்குத் திரும்பியது. பின்னர் மெலிந்த கணினிகளை ஆராய்ந்த எபீட், அவை தன் விதிகளுக்கு உட்பட்டவையே எனத் தெரிவித்தது. எளிதில் பிரித்தல் என்பதன் பொருள் என்ன, பொதுவான கருவி எனப்படுவது எது என்னும் விவாதங்கள் இதன்பின் கூர்மையடைந்தன.

பசைக்கும் பற்றாசுக்கும் ஆதரவான காரணங்களும் உள்ளன. செருகுவாய்க்கும் மின்கலத்தின் தனி உறைக்கும் இடம் தேவை. அவற்றைத் தவிர்த்தால் கருவி மெலியும். மிஞ்சிய இடத்தில் பெரிய மின்கலத்தை வைக்கலாம். செயலிக்கு மிக அருகில் பதிக்கப்பட்ட நினைவகம் குறைந்த மின்சாரத்தில் விரைவாகச் செயற்படும். தளர்ந்துபோகும் இணைப்புகளும் குறையும். எனவே, பசையைப் பயன்படுத்துவோர் அனைவரும் பயனரை ஏமாற்றுகின்றனர் எனக் கூறுதல் நேர்மையன்று. ஆயினும், மெலிவுக்கும் வேகத்துக்கும் பயனர் தரும் விலை என்ன என்பது அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அதனைத் தெரிவிப்பதே பிரித்தாய்வின் பயன்.

மெலிவும் பழுதுநீக்கமும் ஒன்றுக்கொன்று பகையா என்னும் வினாவுக்கு 2021ஆம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் நீரவ் பட்டேல் என்பவர் தொடங்கிய ஃபிரேம்வொர்க் நிறுவனம், 13.5 அங்குலத் திரையுடைய மடிக்கணினி ஒன்றை வெளியிட்டது. அதன் எடை 1.3 கிலோகிராம், தடிப்பு 15.85 மில்லிமீட்டர். அடிமூடியைப் பிணைத்தவை ஐந்து திருகாணிகள் மட்டுமே. கழற்றினாலும் அவை மூடியைவிட்டு உதிர்வதில்லை. திருப்புளியும் கணினியுடனேயே வழங்கப்பட்டது. நினைவகம், சேமிப்பகம், மின்கலம், திரை, விசைப்பலகை ஆகிய அனைத்தையும் பயனரே மாற்றலாம். ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்குப் பத்து வழங்கியது. பெருநிறுவனங்களும் மெல்லத் தம் நிலையை மாற்றிக்கொண்டன. 2022ஆம் ஆண்டில் ஆப்பிள் தன் கருவிகளுக்கான பழுதுநீக்கக் கையேடுகளையும் உதிரி உறுப்புகளையும் பொதுமக்களுக்கு வழங்கும் திட்டத்தை அமெரிக்காவில் தொடங்கியது.

சட்டமும் சூழலும்

பிரித்தாய்வோர் எழுப்பிய வினாக்கள் சட்டமன்றங்களையும் எட்டின. பிரான்சு நாட்டில் 2021ஆம் ஆண்டு சனவரி முதல், மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களின் விற்பனையின்போது அவற்றின் பழுதுநீக்கக் குறியீட்டைப் பத்துக்கு இத்தனை எனக் காட்டுவது கட்டாயமாக்கப்பட்டது. கையேடு கிடைக்கிறதா, பிரிப்பது எளிதா, உதிரி உறுப்புகள் கிடைக்கின்றனவா, அவற்றின் விலை எவ்வளவு என்பன அதன் அளவுகோல்களுள் சில. பழுதுநீக்கத்தை ஊக்குவிக்கும் சட்ட நெறிமுறையை ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் ஏற்றது. இந்தியாவில் நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை, 2022ஆம் ஆண்டில் பழுதுநீக்க உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையவாயிலையும் தொடங்கியது. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன.

இச்சட்டங்களின் பின்னணியில் இருப்பது குப்பைமேடு. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது என ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. மின்கலத்தில் லித்தியமும் கோபால்ட்டும், தொடுபுள்ளிகளில் பொன்னும், கம்பிகளில் செம்பும், பற்றாசில் வெள்ளீயமும், ஒலிபெருக்கியின் காந்தத்தில் நியோடிமியமும் உள்ளன. மண்ணை அகழ்ந்து, பெரும் ஆற்றலைச் செலவிட்டு எடுக்கப்பட்ட தனிமங்கள் இவை. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் வளிமண்டலத்துக்குச் சேர்க்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, அது உருவாக்கப்படும் நிலையிலேயே வெளியாகிவிடுகிறது. ஆதலால், இருக்கும் கணினியைக் கூடுதலாகச் சில ஆண்டுகள் பயன்படுத்துவதே சுற்றுச்சூழலுக்குச் செய்யும் பெரிய உதவியாகும். பிரிக்க இயலாத கருவியில் ஓர் உறுப்பு பழுதானால், நல்ல நிலையில் உள்ள பிற உறுப்புகளும் அதனோடு குப்பைக்குச் செல்ல நேரும்.

கைக்கு எட்டும் அறிவு

2011ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி, கணினியைத் தொட்டறியாத பல குடும்பங்களுக்குள் முதல் மடிக்கணினி நுழைந்தது. இத்தகைய வீடுகளில் மின்கலம் வலுவிழப்பதும் விசைப்பலகை பழுதாவதும் சிறிய செய்திகள் அல்ல. சில நூறு ரூபாயில் சீர்செய்ய முடிந்தால் படிப்பு தொடரும்; முடியாவிடின் கணினி பரணுக்குச் செல்லும். சென்னை ரிச்சி தெரு போன்ற அங்காடிகளில் உதிரி உறுப்புகளையும் திருப்புளியையும் கொண்டு கருவிகளுக்கு மறுவாழ்வு அளிப்போரின் தொழிலும், கருவிகள் திறக்கத்தக்கனவாக இருப்பதையே நம்பியுள்ளது.

அனைவரும் தம் கணினியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதில்லை. உத்தரவாதக் காலத்தின் நிபந்தனைகளைப் படிக்காமல் திறப்பதும், பயிற்சியின்றி மின்கலத்தைத் தொடுவதும் தவறு. பயன்பாட்டுக்கு உதவாத பழைய கணினியை ஆசிரியரின் துணையுடன் பிரித்துப் பயில்வது பாதுகாப்பான வழியாகும். ஆனால், கணினியை வாங்கும்போது சில வினாக்களைக் கேட்பது எவர்க்கும் இயலும். மின்கலத்தை மாற்றலாமா? நினைவகம் செருகப்பட்டதா, பதிக்கப்பட்டதா? உதிரி உறுப்புகள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்? பழுதுநீக்கக் கையேடு வெளியிடப்பட்டுள்ளதா? வாங்குவோர் பலரும் இவ்வினாக்களைக் கேட்கத் தொடங்கினால், வடிவமைப்பாளரின் மேசையில் பசைக்குப் பதிலாகத் திருகாணி இடம்பெறும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள கணினி அல்லது கைப்பேசி பழுதுநீக்குநர் ஒருவரைக் கண்டு, எத்தகைய கருவிகளைச் சீர்செய்வது கடினம் என்பதைக் கேட்டறிந்து வகுப்பறையில் உரையாடுக.

2. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் மின்னணுப் பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் பயன்பாட்டிலிருந்து நீங்கியதற்கான காரணத்தை எழுதுக.

3. 'மெலிந்த கருவியா? சீர்செய்யத்தக்க கருவியா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. நிலமின் இணைப்புப் பட்டையை அணிவதன் காரணம் யாது?

2. கழற்றிய திருகாணிகளை அவற்றின் இடம் அறிந்து வைப்பது ஏன்?

3. ஆசிடை நேரிசை வெண்பாவின் பெயர்க்காரணத்தை எழுதுக.

சிறுவினா

1. வெப்பக்குழாய் செயற்படும் முறையை விளக்குக.

2. நினைவகத்தைத் தாய்ப்பலகையில் நிலையாகப் பதிப்பதால் விளையும் நன்மை தீமைகளைக் கூறுக.

நெடுவினா

ஒரு கருவியைத் திறக்கும் உரிமைக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் நிறுவுக.